மூடிய மடையைத் தோண்டிய வீரய்யா

வல்லத்திராக்கோட்டைப் பக்கத்தில் கொத்தனார் வீரய்யாவைப் பற்றி இரண்டு விஷயம் சொல்வார்கள். வேலை சுத்தம், பொறுமை மட்டும் மருந்துக்கும் கிடையாது. அப்படிப்பட்டவரிடம்தான் 1956-இல் எங்கள் கண்மாய் மடையைப் புதிதாகக் கட்டும் வேலை வந்தது.

கரையை வெட்டி, அடியில் கல் பாவி, அதன்மேல் தண்ணீர் போகும் வழியைச் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக வளைத்துக் கட்டி, கடைசியில் மண் போட்டு மூட வேண்டும். ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் ஓவர்சியர் ஜெய்னுலாப்தீன் புதுக்கோட்டையிலிருந்து சைக்கிளில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த கட்டம். வீரய்யாவுக்கு இது வேப்பங்காயாகக் கசந்தது. "நான் கட்டுனது எனக்குத் தெரியாதாக்கும்" என்று முணுமுணுப்பார். ஆனாலும் கல் பாவியதும் காத்திருந்து கையெழுத்து வாங்கினார்.

ஐப்பசி நெருங்கியது. மழைக்குள் கரையை மூடாவிட்டால் வருஷத் தண்ணீர் மொத்தமும் வெட்டின வாய் வழியே போய்விடும். ஊருக்கு நெல் இல்லை. கட்டு வேலை முடிந்த மறுநாளே வீரய்யா ஓவர்சியரைத் தேடிப் போனார்.

"சார், கட்டு முடிஞ்சிருச்சு. மண்ணப் போட்டுறவா?"

ஓவர்சியர் ஏதோ காகிதத்துக்குள் தலையை விட்டிருந்தார். "பாத்துக்கலாம், போங்க" என்றார்.

நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம்? கவலையை விடு, ஆகட்டும் என்பதுதானே. வீரய்யாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை ஓவர்சியர் வந்தபோது மார்பளவுக்கு மண் போட்டுக் குத்தி இறுக்கியாகிவிட்டது.

"கட்டு எங்க, கொத்தனாரே?"

"உள்ள இருக்குங்க. நீங்கதான பாத்துக்கலாம்னீங்க."

"வந்து பாத்துக்கலாம்னேன்."

கூட நின்ற நல்லதம்பி, கண்மாய்க்குப் பொறுப்பானவர், "மழ வரப்போகுது சார், கையெழுத்தப் போட்டுட்டுப் போங்க" என்று கெஞ்சினார். ஓவர்சியர் அசையவில்லை. "பாக்காததுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். தோண்டுங்க."

வீரய்யாவுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் காரை இறுகும் முன்பே தாமே மண்ணைக் குத்தச் சொன்னது அவருக்குத் தெரியும். ஆளை ஏவாமல் மண்வெட்டியை எடுத்து அவரே தோண்டத் தொடங்கினார்.

வளைவின் நடுவில் விரல் நுழையுமளவுக்கு விரிசல். அதன் வழியே தண்ணீர் கசிந்தால் கரையையே உள்ளிருந்து அரித்துவிடும்.

"என் தப்புதாங்க" என்றார் வீரய்யா. அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை ஊரே அன்றைக்குத்தான் கேட்டது. ஓவர்சியர் திட்டவில்லை. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுச் செங்கல் எடுத்துக் கொடுத்தார். விரிசல் விட்ட வளைவை இடித்துத் திரும்பக் கட்டி, காரை இறுகும்வரை வானம் ஒன்பது நாள் பொறுத்தது. ஓவர்சியர் சுத்தியலால் தட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஆண் பெண் எல்லோரும் இறங்கி மண்ணைக் கொட்டி மூடிய மூன்றாம் நாள் மழை பிடித்தது.

மழை விட்டு வெயில் காய்ந்த ஒரு நாள், நிறைந்த கண்மாயைப் பார்க்க ஊரே கரைமேல் நின்றது. வீரய்யா மட்டும் கரையின் பின்சரிவில் இறங்கி, மடைக்கு நேரே உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தார். ஓவர்சியர் பக்கத்தில் வந்து குந்தினார்.

"ஈரம் தட்டுதா?"

"இல்லைங்க. காஞ்சு கெடக்கு" என்று சொல்லும்போதே வீரய்யாவுக்கு அழுகை வந்துவிட்டது.