பாதிப் பாட்டு

நேற்றுக் காலை என் இடது காது போய்விட்டது என்றே முடிவுகட்டிவிட்டேன். குக்கர் விசிலுக்காக ஒரு காதைச் சும்மா விட்டுவிட்டு, மற்றதில் மட்டும் இயர்போன் மாட்டிப் பாட்டுக் கேட்பது என் வழக்கம். நேற்று அந்தக் காலத்துப் பாட்டு ஒன்றைப் போட்டேன். தபேலா கேட்டது, வயலின் கேட்டது; பாடுகிறவர் குரலைக் காணோம். எங்கள் அம்மாவுக்கும் இந்த வயதில்தான் காது மந்தமாயிற்று. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, பயந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பசி விடுமா? மறுபடி அடுப்பைப் பற்றவைக்கத் தீக்குச்சியை உரசினேன். அந்த மருந்து வாசனை வந்ததும் கோவில்பட்டியில் நான் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸ் ஞாபகம் வந்தது.

குச்சி அடுக்குகிற எங்களுக்கு ஒரு ஷெட், லேபிள் ஒட்டுகிறவர்களுக்கு ஒரு ஷெட். பொம்பளைகள் பேச்சைக் குறைப்போம் என்று முதலாளி புது டேப் ரெக்கார்டர் வாங்கினார். (நாங்கள் பாட்டையும் மீறிக் கத்திப் பேசினோம், அது வேறு.) பாரபட்சம் கூடாதென்று அதன் இரண்டு ஸ்பீக்கரையும் ஷெட்டுக்கு ஒன்றாகப் பிரித்து வைத்தார். வந்தது வினை.

லேபிள் ஷெட்டில் இருந்த என் சிநேகிதி மாரியம்மா சண்டைக்கு வந்தாள். "ஏட்டி, அங்கன மட்டும் ஆளு பாடுதாரு, எங்களுக்கு வெறும் கொட்டுச் சத்தமா?" பொய் சொல்லுகிறாள் என்றோம். ஷெட்டும் ஷெட்டும் முறைத்துக்கொண்டன. "இன்னொரு தடவ சண்டை போட்டீங்க, பாட்டே கெடையாது" என்றார் முதலாளி. அந்தப் பாட்டு இல்லாமல் ஒரு பகலை எப்படி ஓட்டுவது?

மத்தியானச் சாப்பாட்டில் வேண்டுமென்றே அவள் காதில் விழும்படி பாடினேன். கோபத்தையும் மறந்து அவள் குறுக்கிட்டாள்.

"நடுவுல புல்லாங்குழல் வருமே, அத விட்டுட்ட."

"புல்லாங்குழலா? எங்களுக்கு வரலியே!"

கழுவாத கையோடு இரண்டு பேரும் கணக்கப்பிள்ளை அண்ணாச்சியிடம் ஓடினோம். அவர் டேப் ரெக்கார்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஸ்டீரியோன்னா பாட்டுல பாதி இதுல, பாதி அதுலதான் வரும்" என்று சொல்லி, ஸ்டீரியோ, மோனோ என்று போட்டிருந்த பொத்தானை மோனோ பக்கம் தள்ளினார். இரண்டு ஷெட்டிலும் ஒரே நேரத்தில் முழுப் பாட்டும் வந்தது. அன்று நாங்கள் போட்ட கூச்சலில் பாட்டு யாருக்குமே கேட்கவில்லை.

நினைத்ததும், தொங்கிக்கொண்டிருந்த மற்ற இயர்போனை எடுத்து அதே இடது காதில் வைத்தேன். குரல் கணீரென்று வந்தது. இப்போது தபேலாவைக் காணோம்! அப்பாடா. போனுக்குள்ளும் தேடினால் அதே மோனோ இருக்கிறது. தட்டிவிட்டேன். காது பிழைத்த சந்தோஷத்தில் சாதம் குழைந்ததுகூடப் பெரிதாகத் தெரியவில்லை.

தீப்பெட்டி ஆபீசுக்கு மெஷின் வந்து, ஷெட் இரண்டும் இடிபட்டுப்போயின. மாரியம்மா கழுகுமலைப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனவள். எங்கே இருக்கிறாளோ தெரியாது. ஒற்றைக் காதிலேயே எனக்கு முழுப் பாட்டும் கேட்கிறது. கூடவே பாடும்போது நடுவில் எதை விட்டேன் என்று சண்டைக்கு வரத்தான் ஆள் இல்லை.