தொழில் நடத்தும் இடம்

விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை யோசிக்காமல்தான் நிரப்பினேன். 'தொழில் நடத்தும் இடம்' என்று கேட்டிருந்தது. ஆவடியில் என் கணவருக்குத் தொழிற்சாலை கொடுத்திருந்த குவார்ட்டர்ஸ் முகவரியைப் போட்டேன். ஆதார், ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம் எல்லாவற்றிலும் இருபத்திரண்டு வருஷமாக அதுதான் என் முகவரி. வேறு எதைப் போடுவேன்?

வீடு பார்த்துக் கொடுக்கும் வேலை எனக்குத் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. வெள்ளானூரில் வாடகை வீடு, வேப்பம்பட்டில் மனை என்று யார் கேட்டாலும் என் வாய் சும்மா இருக்காது. ஐ.டி. பிள்ளைகள் ஒருவர் சொல்லி ஒருவராக வந்தார்கள். ஒருநாள், புதிதாகக் கட்டிய அடுக்குமாடியைக் காட்ட ஒரு குடும்பத்தைக் கூட்டிப் போனேன். "பதிவு நம்பர் இல்லாத புரோக்கரை உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவு மேடம்" என்று அங்கிருந்த மேலாளர் அவர்கள் முன்னாலேயே என்னைக் கேட்டில் நிறுத்திவிட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாளே மார்க்கெட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அரசாங்கத்திடம் வீட்டு முகவர் பதிவுக்கு விண்ணப்பித்தேன். பெரிய சாதனை போல, வரும் வழியில் அல்வா வேறு வாங்கினேன்.

மூன்று நாள் கழித்து, பக்கத்து வீட்டம்மா துணி காயப்போட்டபடியே சொன்னார். "மூணாவது லைன்ல பிளவுஸ் தச்சிக்கினு இருந்தாங்களே, அவங்க ஊட்டுக்காரருக்கு நோட்டீஸ் வந்துட்ச்சாம். குவார்ட்டர்ஸ்ல யாவாரம் பண்ணக் கூடாதாமே!"

அந்தப் பெண்ணாவது கதவைச் சாத்திக்கொண்டு தைத்தாள். நான் அரசாங்கத்துக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கணவருக்கு ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம். ஒரு நாள் தாமதமாகப் போனவர் என்ற பெயர்கூட அவருக்கு இல்லை. என் புத்தியில்லாத வேலையால் அவர் தலைகுனிந்து நிற்க வேண்டுமா?

பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். "அனுப்புனது அனுப்புனதுதான்க்கா. அவங்களா திருப்பி அனுப்புனாதான் மாத்த முடியும். இன்னாத்துக்கு இப்டி பயந்துகினு கீற?" என்றார் கடைக்காரர். அவருக்கென்ன, சொந்தக் கட்டடம்.

மீட்டர் பார்க்க வந்தவர் கையில் நோட்டைப் பார்த்தாலும் நோட்டீஸோ என்று கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். கணவர் ஷிப்ட் முடிந்து வரப் பத்து நிமிஷம் பிந்தினால், அலுவலகத்தில் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள் என்றே முடிவு கட்டினேன். குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். அவர் மோரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டு முடித்தார். அதற்குமேல் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தெம்பாக இருந்திருக்கும். அன்றிரவு இருவருமே சரியாகத் தூங்கவில்லை.

அடுத்த வாரம் விண்ணப்பம் திரும்பி வந்தது. இடத்தின் உரிமையாளரிடமிருந்து சம்மதக் கடிதம் வாங்கி நான் இணைக்கவில்லையாம். திருப்பி அனுப்பியதற்குச் சந்தோஷப்பட்டு அழுத ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கடைக்காரரே தன் கடையில் ஒரு மேசை போட்டுக்கொள்ள ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். முகவரியை மாற்றி அனுப்பினேன். அப்பாடா என்றிருந்தது.

"இன்னும் முடியல. மனைவி தொழில் பண்ணினா நான் ஆபீசுக்கு எழுதிக் கொடுக்கணும்" என்றார் கணவர்.

"எதுக்குங்க வம்பு? யாருக்குத் தெரியப் போகுது?"

"இன்னொரு வாரம் இந்தப் பயத்தோட சாப்பிட என்னால முடியாதும்மா."

மேசையில் உட்கார்ந்து எழுதினார். வாங்கிப் படித்தேன். 'என் மனைவி கடந்த பதினொரு ஆண்டுகளாக வீட்டு முகவராகத் தொழில் செய்து வருகிறார்' என்று தொடங்கியிருந்தது.

"ஐயோ, பதினொரு வருஷம்னு எழுதினா, இத்தனை நாள் சொல்லாம பண்ணினதுக்கு மாட்டிக்குவோம்ங்க!" என்று கத்தினேன்.

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு வேறு தாள் எடுத்தார். நான் அதைத் தொழில் என்று அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. எத்தனை வருஷம் என்று எனக்கே கணக்கில்லை.