விளம்பர நேரத்து மிஸ்டு கால்

இப்போதெல்லாம் அவரவர் கைப்பேசியில், அவரவருக்குத் தோன்றிய நேரத்தில் நாடகம் ஓடுகிறது. நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது எங்கள் வீட்டில் விளம்பரம் வந்தால்கூடச் சேனலை மாற்றக் கூடாது. சட்டம் அம்மாவுடையது. எட்டு மணி நாடகத்தில் முதல் விளம்பரம் வந்ததும் ஸ்ரீரங்கத்திலிருக்கும் தன் தங்கைக்கு, என் சித்திக்கு, ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். அடுத்த விளம்பரத்தில் சித்தி அங்கிருந்து ஒன்று கொடுப்பாள். இருவரும் எடுத்துப் பேசியதே கிடையாது. நாடகம் பார்க்கும் முறையே இதுதான், எல்லார் வீட்டிலும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேசாததற்குக் காரணம் இருந்தது. சித்தப்பா புது வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது, தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்து நேரில் அழைக்காமல் வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார். அப்பாவுக்கு வந்ததே கோபம். "எனக்கு ஃபார்வர்ட் மெசேஜா? இனிமே அந்த வீட்டோட பேச்சே கிடையாது" என்றார். அம்மா எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மிஸ்டு கால் பேச்சில் சேராதல்லவா?

அந்த வருஷம் ஃபேக்டரியில் போனஸ் வந்ததும் அப்பா நெட்டில் ஓடும் பெரிய டிவி வாங்கினார். திருவெறும்பூரில் எங்கள் தெருவுக்கே அதுதான் முதல். கேபிளைக் கழற்றச் சொல்லிவிட்டு, "இனிமே எட்டு மணிக்கு அடிச்சுப் பிடிச்சு ஓடி வர வேண்டாம். எப்ப வேணும்னாலும் பாரு. விளம்பரமே வராது" என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா மட்டும், "வரவே வராதுங்களா?" என்று கேட்டாள். முகம் ஏன் அப்படிச் சுண்டிப்போனது என்று எனக்கு விளங்கவில்லை.

அன்றைய நாடகம் சாயங்காலமே அதில் வந்துவிட்டது. அம்மா எட்டு மணி வரை யாரையும் தொடவிடவில்லை. ஓட ஆரம்பித்தால் நிற்காமல் ஓடியது. அவள் டிவியை விட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு கணக்கில் மிஸ்டு கால் கொடுத்தாள். உடனே சித்தியின் எண் அடித்தது. ஒரு ரிங்கோடு நிற்கும் என்று பார்த்தாள். நிற்கவில்லை. மறுபடி அடித்தது, மறுபடியும் அடித்தது. பக்கத்தில் அப்பா. "யாரு?" என்றார். "ராங் நம்பருங்க" என்று போனை அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். அப்பா திறந்தார். நைட்டிமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு சித்தி நின்றாள். "அக்காவுக்கு என்ன ஆச்சு அத்தான்?"

அம்மா தோசைக் கரண்டியோடு வந்தாள். சித்தி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு அப்படியே வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். "நாடகம் ஓடிட்டிருக்கும்போது போன் அடிச்சா நான் என்னன்னு நெனைக்கிறது? திருப்பிப் போட்டா ஆஃப் பண்ணி வேற வச்சிருக்கே."

"உனக்கு விளம்பரம் ஓடுதுன்னு நெனச்சேன்டி" என்று சொல்லி அம்மாவும் அழ ஆரம்பித்தாள்.

லுங்கியும் ஹெல்மெட்டுமாகச் சித்தப்பா பைக்கை விட்டு நகராமல் தெருவில் நின்றார். அப்பா இரண்டு பெண்களையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு படியிறங்கிப் போனார்.

"வாசல்ல நின்னா எப்படிங்க? உள்ள வாங்க."

"அன்னைக்கே நான் நேர்ல வந்து கூப்பிட்டிருக்கணும்ணே."

"அதான் இன்னைக்கு வந்துட்டீங்களே. தோசை சாப்பிடுங்க."

எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகும் எதற்கு அழுகை? சித்தியின் துண்டைப் பிடித்து இழுத்து, விட்ட இடத்திலிருந்தே எங்கள் டிவியில் பார்க்கலாம் என்று சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அடுத்த வாரமே அப்பா கேபிள்காரரைக் கூப்பிட்டு மறுபடி இணைப்புக் கொடுக்கச் சொன்னார்.

"விளம்பரம் வருமேப்பா?" என்றேன்.

"வரட்டும்."

இப்போது அம்மாவும் சித்தியும் பகலெல்லாம் பேசினார்கள். ஆனாலும் எட்டு மணிக்கு முதல் விளம்பரத்தில் அம்மா மிஸ்டு கால் கொடுத்தாள். அடுத்த விளம்பரம் வந்து சித்தியின் போன் அடிக்கும்வரை அப்பா பேப்பரில் பக்கத்தைப் புரட்டவில்லை. இவ்வளவு பெரிய டிவியை வாங்கி வைத்துக்கொண்டு விளம்பரத்துக்காகக் காத்திருக்கும் வீடு எங்களுடையதுதான் என்று ஸ்கூலில் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டேன்.