கிழவி சாப்பிட்ட காலை

உத்தமனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. திருப்பத்தூரிலிருந்து வந்து இருபது வருடமாக பெங்களூரின் அடுக்குமாடிகளில் ஏறி இறங்குகிறவர். அன்று ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய அபார்ட்மென்ட். லிஃப்டுக்கு அடியிலுள்ள குழிக்குள் டார்ச் அடித்தார். இரண்டு கண்கள் மின்னின.

"மெயினை அணைச்சாச்சு இல்ல? யாரும் கிட்ட வராதீங்க!" என்று கத்திவிட்டு உள்ளே இறங்கினார்.

எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு கிடந்தது ஒரு சாம்பல் நிறப் பெண் பூனை. வாயோரம் எச்சில் வழிந்தது. தூக்கப் போனவரின் விரலைக் கவ்வியது. அவருக்கு வலிக்கவே இல்லை. அதுதான் அவரை உலுக்கிவிட்டது. பையிலிருந்த ஸ்பேனர்களைத் தரையில் கொட்டிவிட்டு, பூனையை உள்ளே வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

கால்நடை மருத்துவர் அதன் வாயைத் திறந்து பார்த்தார்.

"பன்னெண்டு வயசாவது இருக்கும். பல்லெல்லாம் சொத்தை, ஈறு முழுக்கப் புண்ணு. பசி இருக்கு, திங்க முடியல. கிட்னியும் வீக். எல்லாப் பல்லையும் எடுத்துரணும். மயக்க ஊசி தாங்குமான்னு உறுதியாச் சொல்ல முடியாது. பூனை யாருது?"

"என்னுதுதான் டாக்டர்." சொன்ன பிறகு திடுக்கிட்டவர் உத்தமனேதான்.

அத்திபெலே வீட்டில் இருந்த மனைவிக்குப் போன் போட்டார். "ராதா, ஒண்ணு சொல்றேன், கத்தாத."

"இன்னா, அடிபட்டுச்சா?"

"இல்ல. ஒரு பூனை. கிழவி. பல்லே இருக்காது."

ராதா கத்தவில்லை.

"பல்லில்லாம எப்படித் திங்கும்? வர்றப்ப மீன் வாங்கினு வாங்க. முள்ளெடுத்து மசிச்சுத் தரேன்."

நான்கு நாள் குளுக்கோஸ் ஏறியது. ஐந்தாம் நாள் அறுவை சிகிச்சை. மருத்துவமனைப் படியில் உத்தமன் இரண்டு மணி நேரம் நின்றார். சூப்பர்வைசரின் அழைப்பை மூன்று முறை துண்டித்தார். பூனை பிழைத்து வந்தது. ஆனால் வீட்டில் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்ததுதான், இரண்டு நாள் சிரிஞ்சில் ஊட்டிய கஞ்சியைத் தவிர எதையும் தொடவில்லை.

மூன்றாம் நாள் காலை. ஓசூர் ரோட்டில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது ராதாவின் வீடியோ அழைப்பு வந்தது.

"என்னாங்க! பாருங்க, பாருங்க!"

திரையில் தட்டுக்குள் முகத்தைப் புதைத்த பூனை. நக்குகிற வேகத்தில் தட்டு தரையில் வழுக்கிக்கொண்டே போக, அதுவும் விடாமல் பின்னாலேயே போனது.

"கிழவி சாப்பிடுறா! சாப்பிடுறா!" உத்தமன் எழுந்தே நின்றுவிட்டார்.

பக்கத்து சீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மாவுக்கு ரொம்ப நாளா முடியலையா சார்?"

"பூனை சார்! பூனை!"

போன் கை மாறிக் கை மாறிப் போனது. கண்டக்டர்கூட டிக்கெட் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

எட்டு மாதமாகிறது. கிட்னிக்காக வீட்டில் மூன்று இடத்தில் தண்ணீர்க் கிண்ணம். இரண்டு கிலோவாக வந்தவள் இப்போது மூன்றரை. போன வாரம் எடை மெஷின்மேல் அவள் உட்கார்ந்திருக்கும் படத்தை உத்தமன் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பிலேயே போட்டுவிட்டார். முதல் ஹார்ட் சூப்பர்வைசருடையது.