படகுப் பாட்டுக்குப் பிறகு

ஆகஸ்ட் பதின்மூன்று, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து ஐம்பதுக்கு எழுந்தேன். ஆறேகாலுக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. பதினான்கு குடம் பிடித்தேன். ஏழு மணிக்கு சைக்கிளைத் துடைத்து எண்ணெய் விட்டேன். எட்டரைக்கு அக்காவோடு கறிக்கடைக்குப் போனேன். வழக்கமாக அரைக் கிலோ வாங்குவோம். அன்று ஒரு கிலோ. மதியச் சாப்பாட்டுக்கு ஒருவர் வருவதாக இருந்தது.

வருகிறவர் எங்கள் ஊருக்கு மேலே மலையில், போடிமெட்டில் ஜீப் ஓட்டுகிறவர். மனைவி இறந்து ஆறு வருடம். அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. அவள் வீட்டுக்காரர், எங்கள் மாமா, இறந்த பிறகு பன்னிரண்டு வருடமாக எங்களோடுதான் இருக்கிறாள். ஏலக்காய்க் கிடங்கில் தரம் பிரிக்கும் பெண்களுக்கு மேற்பார்வை பார்க்கிறாள். அந்தக் கிடங்குக்குத்தான் அவர் மேலேயிருந்து லோடு கொண்டுவருவார். பதினெட்டு நாளுக்கு முன்பு என்னைக் கடைத்தெருவில் நிறுத்தி, “தம்பி, ஒங்க அக்காவுக்குச் சம்மதம்னா நான் கட்டிக்கிறேன். வேணாம்னாலும் லோடு வழக்கம்போல வரும்” என்றார்.

அக்காவிடம் சொன்னேன். யோசிக்கிறேன் என்றாள். பதினெட்டு நாளும் யோசித்தாள். நான் திருப்பிக் கேட்கவில்லை. சரி என்று சொன்னால் எங்கள் வீடு வெறிச்சென்று ஆகிவிடும். வேண்டாம் என்று சொன்னால் எங்களை விட்டுப்போக மனமில்லாமல் சொன்னாளோ என்று ஆயுசுக்கும் உறுத்தும். சாப்பிடக் கூப்பிடலாம் என்று சொன்னது என் மனைவி.

பன்னிரண்டு நாற்பதுக்கு வந்தார். கையில் ஒரு பொட்டலம் மிளகு. ஜீப்பை மார்க்கெட் பக்கம் நிறுத்திவிட்டு நடந்தே வந்திருந்தார். சாப்பாடு முடிந்தது. இரண்டரைக்கு என் மனைவி டிவியைப் போட்டாள். பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று ஆரம்பித்தது. ஊரில் எங்கள் வயதுக்காரர் எல்லாரும் பார்த்த படம். இரும்புப்பெட்டி உடைக்கிற திருடனை ஒரு நகைக்கடைக்காரரின் மகள் காதலிக்கிறாள். கடைசியில் படகுத்துறையில் அவன் ஒளிந்திருக்கும் இடத்தை அவளே விளக்கைத் தூக்கி போலீசுக்குக் காட்டிவிடுகிறாள்.

பெயர் போட்டதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இத நாலு தடவ பாத்திருக்கேன். பிரமாதமான முடிவு. ரெண்டு பேரும் படகுல ஏறித் தப்பிச்சிருவாக.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். “தப்பிச்சாகளா? எந்தப் படத்தச் சொல்றீக அண்ணே?”

“இதத்தேன். படகுல பாட்டுப் பாடிக்கிட்டே போவாகல்ல.”

“அது கெனா. அதுக்கப்புறந்தேன் அந்தப் பாதகத்தி காட்டிக் கொடுப்பா.”

அவர் நம்பவில்லை. மேலே யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், எஸ்டேட்டில் ஒருத்தர் பாக்கியில்லாமல் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. அந்தக் காலத்தில் மெட்டுக்குக் கடைசி ஜீப் ஐந்து மணிக்கு. எங்கள் ஊர்க் கொட்டகையில் மேட்னி முடிவது ஐந்து இருபதுக்கு. படகுப் பாட்டு முடிந்ததும் மலைக்குப் போகிற கூட்டம் எழுந்து ஓடும். இவரோ அந்த ஜீப்பையே ஓட்டியவர். ஒரு மலையே இந்தப் படத்தைச் சுபமாக முடித்துவைத்திருக்கிறது.

சொன்னேன். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பதினெட்டு நாளில் அவர் சம்பந்தமாக அவள் சிரித்தது அதுதான் முதல்.

“காட்டிக் கொடுத்தது தப்பில்ல” என்றேன் நான். “திருடன் திருடன்தேன். ஆனா படத்துல அந்த மணிக்கூண்டக் கவனிங்க. ரெண்டு பத்துன்னு காட்டும். அடுத்த ஷாட்டுல ஒண்ணே முக்கால்.”

“கட்டுனவன் கடியாரத்தப் பாக்குறவனா இருந்தா இப்படித்தேன் அண்ணே” என்றாள் என் மனைவி. “ஆசப்பட்டவனப் போலீசுல குடுக்குறவ பொம்பளையா?”

அக்கா டிவியைப் பார்த்தபடியே சொன்னாள்: “காட்டலைன்னா போலீசு இருட்டுல கண்ணுமண்ணு தெரியாமச் சுட்டிருப்பாங்க. வெளக்கத் தூக்குனதாலதேன் உசுரோட புடிச்சாங்க. நானா இருந்தாலும் தூக்கியிருப்பேன்.”

அவர் டிவியை விட்டு அக்காவின் பக்கம் திரும்பினார்.

நாலு ஐம்பத்திரண்டுக்குப் படகுப் பாட்டு முடிந்து விளம்பரம் வந்தது. அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

“இன்னும் இருவது நிமிசந்தேன்” என்றாள் என் மனைவி. “இன்னைக்காவது பாத்துட்டுப் போங்க.”

“பதினோரு பேரு சாமானோட நிக்கிறாக ஆத்தா. பின்னே, மலையில பனிமஞ்சு எறங்கிருச்சுன்னா வளைவு தெரியாது.” அக்காவிடம் லேசாகத் தலையசைத்தார். “வர்றேன்.”

அவர் தெரு திரும்பியதும் என் மனைவி ஆரம்பித்தாள். “பொண்ணு கேக்க வந்தவரு, பதில் வாங்காமப் போறாரு. இப்படியும் ஒரு மனுசரா மதினி?”

அக்கா தட்டுகளை எடுத்தாள். “எங்க வீட்டுக்காரரு இருந்தப்ப ஆறு மணிக்கு வர்றேம்பாரு. ஒம்போது மணி வரைக்கும் நான் சோத்த மூடிவச்சு வாசலப் பாத்துக்கிட்டிருப்பேன். இவரு, நிக்கிற ஆளுகள நெனச்சு எந்திரிச்சாரு. விடு.”

அப்படியானால் சம்மதமா என்று கேட்க வாயெடுத்தேன். “அவரு இன்னும் முடிவத் தெரிஞ்சுக்கலையே. தெரிஞ்ச பெறகு என்ன சொல்றாருன்னு பாப்போம்” என்றாள். என் மனைவிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. விளக்கைத் தூக்குகிற பெண்ணை அவர் என்னவென்று நினைப்பார் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும்.

மறுநாள் திங்கட்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு, அடுப்புக்கூடப் பற்றவைக்காமல், அக்கா முதல் வேலையாக என் போனை வாங்கி அவரைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். படத்தின் முடிவை நாலே வாக்கியத்தில் சொன்னாள்.

அந்தப் பக்கம் ஜீப் எஞ்சின் சத்தம். அதை அணைத்துவிட்டு, “அப்ப அவென் சாகல” என்றார்.

“சாகல.”

“எத்தன வருசம் உள்ள?”

“ஏழு.”

“அவ காத்திருந்தாளா?”

“அது படத்துல இல்ல.”

“இருந்திருப்பா” என்றார். “உசுரக் காப்பாத்துனவ விட்டுட்டா போவா?”

அக்கா என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, “வியாழக்கெழம லீவு சொல்லிர்றேன். ஒங்க வீட்டப் பாக்க மூணு பேரும் வர்றோம்” என்றாள்.

“வாங்க, வெரசா வாங்க. ஆனா ஒண்ணு,” என்றார் அவர், “மேல வந்து யாருகிட்டயும் இந்த முடிவச் சொல்லிறாதீக. முப்பது வருசமா சந்தோசமா இருக்காக.”