கழிவறை விவாதத்துக்குப் பார்க்டேல் வரை

இந்தப் பயணத்துக்கு முன் என் நிலை என்னவென்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் விஞ்ஞானப் பட்டதாரி. இலங்கையில் இருபத்தாறு ஆண்டுகள் நில அளவையாளராக, ஊர்ப்பேச்சில் சேவையராக, கடமையாற்றியவன். ரொறன்ரோவில் எங்கள் மூத்தோர் சங்கத்தின் காப்பாளர். சங்கம் மாதந்தோறும் கூடும் பார்க்டேல் செங்கல் மண்டபத்தின் முகப்பில் பொதுக் கழிவறைகள் அமைக்கக் கூடாதென்று கையொப்பமிட்டுக் கடிதம் கொடுத்தவனும் நானே. நூறாண்டு கடந்த கட்டடம் அது. வாசலின் இருபுறமும் ஓக் மரச் சட்டங்களில் நிறக் கண்ணாடிகள் உண்டு; முகப்பில் கழிவறை கட்டினால் அவற்றைக் கழற்ற வேண்டிவரும். அகதிகளாக வந்திறங்கிய ஆண்டில், அந்த வாசலில் வரிசையில் நின்றுதான் நானும் மனைவியும் எங்கள் முதல் குளிர்கால மேலங்கிகளைப் பெற்றுக்கொண்டோம்.

அக்கடிதத்தைப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கும்படி என்னை அழைத்திருந்தார்கள். கூட்டம் மாலை ஆறரை மணிக்கு.

பிற்பகல் 3.50. நகரின் கிழக்கு ஓரத்தில் ரூஜில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து மண்டபம் ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீற்றர். சப்பாத்து அணிந்துகொண்டிருந்தபோது, மனைவி செல்வராணி மேலங்கியுடன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். பதினான்கு மாதங்களாகச் சங்கத்துக்கு வராதவர்.

"நீர் எங்கை வெளிக்கிட்டனீர்?"

"நீங்கள் பேசுறதை நான் கேக்கக்கூடாதோ?"

அவர் வராமலிருந்ததற்குச் சங்கப் பெண்களுடன் ஏதோ மனத்தாங்கல் காரணமென்று எண்ணியிருந்தேன். அதை விசாரிப்பது எனக்கு அழகல்லவென்றும் விட்டிருந்தேன்.

மூத்தோருக்கான பேருந்துக் கட்டணம் இரண்டு டொலர் இருபத்தைந்து சதம். இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை வண்டியும் மாறலாம். 4.50க்குக் கெனடி நிலையத்தில் இறங்கியதும் அவர் நேரே கழிவறைக்குப் போனார். திரும்பியதும் என் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றி நீட்டினேன். "வேண்டாம், குடிச்சிட்டுத்தான் வந்தனான்" என்றார்.

சுரங்க ரயிலில் எதிரே மன்னாரைச் சேர்ந்த ஒரு பெண் அமர்ந்திருந்தார். முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளராம், வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். செல்வராணியைச் சற்று நேரம் பார்த்தார்.

"அன்ரி, சொண்டெல்லாம் காய்ஞ்சுபோய்க் கிடக்கு. தண்ணி குடிக்கேல்லையோ?"

"பிறகு குடிக்கிறன் பிள்ளை."

அந்தப் பெண் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "அங்கிள், அன்ரி உங்களுக்குச் சொல்லமாட்டா. எங்கட அம்மாவும் உப்பிடித்தான். வெளிக்கிடுற நாளிலை விடியக்காலமையிலயிருந்து வாயிலை ஒண்டும் படாது. போற இடத்திலை வோஷ்றூம் இருக்கோ இல்லையோ எண்ட பயம்."

"உண்மையே?" என்று மனைவியைக் கேட்டேன்.

யன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "கெனடியிலை இருக்கு. பிறகு உங்கட மண்டபத்திலை நிலக்கீழைதான். பத்தொன்பது படி. இந்த முழங்காலோடை இறங்கினா ஏறேலாது. அதுதான் வாறேல்லை."

எத்தனையோ காணிகளை அளந்தவன் நான். அந்தப் படிகளை ஒருபோதும் எண்ணியதில்லை.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"கடிதம் எழுதி முடிச்ச சந்தோசத்திலை இருந்தீங்கள்."

குடுவையின் மூடியில் மீண்டும் தேநீர் ஊற்றினேன். "குடியும். நான் பாத்துக்கொள்ளுறன்." முழுவதையும் குடித்தார். மறுபடி ஊற்றினேன், அதையும் குடித்தார். மன்னார்ப் பெண் கைதட்டினார்.

லான்ஸ்டவுனில் இறங்கி, தெற்கே செல்லும் பேருந்தில் குயின் வீதியை அடைந்தபோது மணி 6.05. இப்போது அங்கே திபெத்தியர் கடைகள் நிறைய உள்ளன. வெந்த மாவின் வாசனை குளிரிலும் தெரு முழுவதும் நிற்கிறது. மண்டபத்தில் அப்போது சிலரே இருந்தார்கள். ஆட்கள் வந்து நிறையுமுன், வாசலுக்கு உட்புறம் மேலங்கிகள் தொங்கவிடும் அறையைக் காலடியால் அளந்து பார்த்தேன். பிறகு வந்து அமர்ந்தேன். கூட்டம் தொடங்கும்போது சுமார் அறுபது பேர் கூடியிருந்தார்கள்.

அயலில் நெடுங்காலம் வாழும் ஒரு கனேடிய அம்மையார் முதலில் பேசினார். கண்ணாடிகளை ஒருமுறை கழற்றினால் அந்த ஒளி திரும்பாது என்றார். அடுத்து எழுந்தவர் எங்கள் சங்கத்துக் கந்தசாமி, முன்னாள் லொறிச் சாரதி. ஆங்கிலத்தில் இரண்டு வசனம் பேசிவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

"கண்ணாடி வடிவுதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. வடிவைப் பாத்து மூத்திரம் நிக்குமே?" தமிழர்கள் சிரித்து முடிக்குமுன் என்னைப் பார்த்தார். "சேவையர் ஐயா, உங்கட டிகிரியிலை இதுக்கொரு வழி படிப்பிக்கேல்லையோ?"

7.10. தலைவர் என் பெயரை அழைத்தார். எழுந்தேன். என் சட்டைக் கையை மனைவி மெல்லத் தொட்டார்.

"இஞ்சேருங்கோ."

கடிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். அவர் கையைப் பிடித்து, அறுபது பேரின் நடுவே நடந்து வெளியேறினேன். காரணத்தை அத்தனை பேர் முன்னிலையில் அறிவிக்க முடியாது.

வீதிக்கு எதிர்ப்புறம் ஒரு கோப்பிக் கடை. கழிவறை வாடிக்கையாளருக்கு மட்டும் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். ஒரு டொலர் தொண்ணூற்றைந்து சதத்துக்கு ஒரு கோப்பி வாங்கியதும், பெரிய மரக்கரண்டியில் கட்டிய கழிவறைக் கதவின் திறப்பைத் தந்தார்கள். மனைவியின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு கதவருகே நின்றேன். கூட்டத்துக்குப் பிந்தி வந்த இருவர் யன்னல் வழியே என்னைப் பார்த்துக்கொண்டு போனார்கள். பையை நான் மறைக்கவில்லை.

"உங்கட முறை போயிட்டுதோ?" என்று கேட்டபடி மனைவி வெளியே வந்தார்.

"போகட்டும். மெதுவா வாரும், றோட்டிலை ஐஸ்."

7.28க்குத் திரும்பி, இரண்டு நிமிடம் கேட்டுப் பெற்றேன். கடிதத்தை வாசிக்கவில்லை, மீளப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னேன். மேலங்கி அறை பதினொரு அடிக்கு எட்டடி. அதில் இரண்டு கழிவறைகள் அமையும். ஒரு கண்ணாடியையும் அசைக்க வேண்டியதில்லை. அம்மையார் எழுந்து வந்து அந்த அறையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அவ்வறைக்கு வரைபடம் தயாரிக்கலாமென்று பெரும்பாலானோர் கையுயர்த்தினார்கள். அம்மையாரும் உயர்த்தினார்.

ஊரில் காணி அளக்கப் போன நாட்களில் ஆண்களாகிய எங்களுக்கு ஏதாவதொரு வேலியோரம் போதுமாக இருந்தது. நாங்கள் போய் நின்ற வீடுகளில் பெண்கள் எங்கே போனார்கள் என்று நான் கேட்டதில்லை. இதைத் திரும்பும் ரயிலில் மனைவியிடம் சொன்னேன். "இப்பவாவது கேட்டீங்களே" என்று சொல்லி, என் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டார்.

நடந்ததை எழுதலாமா என்று மறுநாள் அவரைக் கேட்டேன். "எழுதுங்கோ. எல்லாரும் போறதுதானே" என்றார்.

ஆகவே எழுதுகிறேன். கந்தசாமியின் கேலி பொறுக்காமல் நான் வெளிநடப்புச் செய்ததாகவும், தலைவர் சமாதானப்படுத்தி அழைத்து வந்ததாகவும் சங்க மடலில் வெளிவந்த செய்தி தவறானது. நான் வெளிநடப்புச் செய்யவில்லை. என்னை எவரும் அழைத்து வரவுமில்லை. என் மனைவிக்குக் கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது. நான் கூடப் போனேன்.