பழைய எண்

எனக்கு வாய் அதிகம் என்று ஏற்காட்டில் நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த மானிட்டர் விஷயத்தில் என் வாயும் பத்தவில்லை.

விரலில் கிளிப்பை மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டுகிற மெஷின் அது. விற்பனைக்கு வருமுன் அது எந்தெந்தச் சோதனையில் தேற வேண்டும் என்று வரையறை எழுதக் கம்பெனிக்காரர்கள் மலையேறி வந்தார்கள். குளிரில் விரல் விறைத்துப்போனால் மெஷினுக்கு நாடி பிடிபடாது. அப்போது அது என்ன செய்ய வேண்டும் என்பதுதான் கேள்வி. உடனே அலாரம் அடிக்க வேண்டும் என்றேன் நான். சும்மா சும்மா அடித்தால் எவன் வாங்குவான் என்றார் அவர்களுடைய பெரிய இன்ஜினியர். மறுபடி நாடி கிடைக்கும்வரை பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கட்டும் என்பது அவர் கட்சி.

சரி, குளிர்ந்த கையிலேயே பார்த்துவிடலாம் என்று பக்கத்துத் தலைச்சோலை எஸ்டேட்டிலிருந்து காபிப்பழம் பறிக்கிறவர்களை வரவழைத்தார்கள். விடிந்ததிலிருந்து பனியில் நனைந்த செடிக்குள் கைவிட்டுப் பறிக்கிறவர்கள். அவர்கள் கையைத் தொட்டால் ஐஸ் மாதிரி இருக்கும். ஆனால் வந்த கை ஒவ்வொன்றும் வெதுவெதுவென்று இருந்தது. கிளிப்பை மாட்டிய மாத்திரத்தில் மெஷின் எண்ணைச் சொன்னது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வரிசையில் முன்னால் நின்ற பெண்ணிடம் கேட்டேன்.

"கறைக் கைய எப்படிங்க சிஸ்டர் பெரியவங்ககிட்ட நீட்டறது? எல்லாரும் சுடுதண்ணி வெச்சு நல்லாத் தேச்சுக் கழுவிட்டுத்தானுங்க வந்தோம்" என்றாள்.

மரியாதையாம். அந்த மரியாதையைக் கொண்டுபோய் எந்தக் குப்பையில் கொட்டுவது? இந்தச் சோதனை செல்லாது, காலையில் தோட்டத்துக்கே போய் மாட்டிப் பார்க்கலாம் என்றேன். இன்ஜினியர் சிரித்தார்.

"உங்க ஊர்க்காரங்க கை எங்க கையைவிடச் சூடா இருக்கு சிஸ்டர். அப்புறம் என்ன?"

குளிர்ப் பிரதேசத்தில் தேறியது என்று எழுதிக்கொண்டு இறங்கிப் போனார்கள். அவர் சொன்னபடியே வரையறை ஆயிற்று. எங்களுக்கும் ஒரு மெஷினை இனாமாகத் தந்தார்கள்.

அடுத்த வருஷம் பறிப்புக் காலத்தில் அதே பெண் காய்ச்சலும் மூச்சிரைப்புமாக வந்து படுத்தாள். நெஞ்சு முழுக்கச் சளி. ஆக்சிஜன் வைத்ததும் மெஷின் தொண்ணூற்றாறு காட்டியது. மதியத்துக்கு மேல் கைகால் சில்லிட்டு உதடு நீலம் பாரித்துவிட்டது. எண் மட்டும் அசையவில்லை. வேறு விரலில் மாட்டினேன். அப்போதும் அதே எண்தான். டாக்டரிடம் ஓடினேன். எங்களிடம் இருந்தது ஒரே ஆம்புலன்ஸ். அதில் வயிற்றுவலி என்று வந்த டூரிஸ்ட் ஒருவரை டாக்டர் சேலத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அவரு அப்பறம் போகட்டுங்க சார். அந்தப் பொண்ணு உதட்டை வந்து பாருங்க."

"எஸ்டேட் ஆளுங்க உதடு ரோஜாப்பூ மாதிரியா இருக்கும்? தொண்ணூத்தாறு இருக்கறவளை எதுக்குக் கீழ அனுப்பணும்?"

"அது பழைய நம்பருங்க சார்."

"டெஸ்ட்ல பாஸான மெஷினைவிட உங்களுக்கு அதிகமாத் தெரியுமோ?"

ஆம்புலன்ஸ் போய்விட்டது. அந்த டாக்டரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வண்டி அடிவாரத்தைத் தொட்டிருக்கும், இங்கே அவள் மூச்சு நின்றது. நெஞ்சை அமுக்கி அமுக்கி என் கை ஓய்ந்துபோயிற்று. டாக்டர் வந்தார், கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், முடிஞ்சுது என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

போர்வையை அவள் முகத்துக்கு மேல் இழுத்தேன். பக்கத்தில் நின்ற அவள் புருஷன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மூடாதீங்க சிஸ்டர். இன்னும் தொண்ணூத்தாறு காட்டுதுங்களே. அதப் பாத்துத்தானுங்க இவ நல்லாருக்குறான்னு டாக்டரு சொன்னாரு."

கிளிப்பைக் கழற்ற அவன் என்னை விடவே இல்லை.